காய்ந்தும் சாகாத ஈஸ்ட்

உலர் ஈஸ்ட் பாக்கெட்டைப் பிரித்தால் கடுகைவிடச் சிறிய பழுப்பு மணிகள்தான் இருக்கும். வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் போடுங்கள், சற்று நேரத்தில் நுரைத்துக்கொண்டு வரும். இந்த அளவு காய்ந்தால் பெரும்பாலான உயிரணுக்கள் செத்துப்போகும். அவற்றின் சவ்வு கிழியும், புரதங்கள் உருக்குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஈஸ்ட் பிழைப்பதில் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரைக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டு குளுக்கோஸ் இணைந்தது அது. நல்ல உலர் ஈஸ்ட்டின் எடையில் 10 சதவீதத்துக்கு மேலும் இருக்கும்.

குளுக்கோஸ் தாராளமாகக் கிடைக்கும்போது ஈஸ்ட் சேமிப்பைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கிடைத்ததைச் சாராயமும் கார்பன் டை ஆக்சைடுமாக மாற்றிப் பெருகுவதிலேயே குறியாக இருக்கும். பிகேஏ என்ற நொதி அப்போது மும்முரமாக இயங்குகிறது. எம்எஸ்என்2 என்ற புரதத்தின்மேல் பாஸ்பேட்டை ஒட்டி, உட்கருவுக்குள் நுழையவிடாமல் தடுத்துவைக்கிறது. சர்க்கரை தீர்ந்ததும் பிகேஏ அடங்குகிறது. சில நிமிடங்களில் எம்எஸ்என்2 உள்ளே போய்விடும். சூடு, உப்பு போன்ற தொல்லைகளிலும் அது இப்படித்தான் உள்ளே ஓடுகிறது. அங்கே டிஎன்ஏவில் ஓர் ஐந்தெழுத்துக் குறியைத் தேடிப் பிடிக்கும் (நம்மூர் பக்தர்கள் மன்னிக்க!). அந்தக் குறி முன்னால் இருக்கும் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. ட்ரெஹலோஸைத் தயாரிக்கும் டிபிஎஸ்1, டிபிஎஸ்2 ஆகியவை அவற்றில் அடக்கம்.

ஈஸ்ட்டின் முழு மரபணுத் தொகுதி 1996-ல் வெளியானது. ஏறக்குறைய 6,000 மரபணுக்கள். 2000-ல் ஸ்டான்ஃபோர்டில் ஆட்ரி காஷும் பேட்ரிக் பிரவுனின் குழுவினரும் ஈஸ்ட்டைச் சூடாக்கி, பட்டினி போட்டு, இன்னும் பலவிதமாக வதைத்துப் பார்த்தார்கள். தொல்லை எதுவானாலும் சுமார் 900 மரபணுக்கள் ஏறத்தாழ ஒரே மாதிரி நடந்துகொண்டன. வளர்ச்சிக்கானவை அடங்கின, பாதுகாப்புக்கானவை எழுந்தன.

எனக்கு விசித்திரமாகப் படுவது வேறொன்று. ட்ரெஹலோஸை உடைக்கும் நொதிக்கான என்டிஎச்1 மரபணுவும் இதே நெருக்கடியில்தான் கிளம்புகிறது. கட்டும்போதே இடிக்கவும் ஆள் சேர்ப்பானேன்? அந்த நொதியை முடுக்கிவிடுவதும் பிகேஏதான்; அது அடங்கியிருக்கும்வரை நொதி பெரும்பாலும் சும்மாதான் காத்திருக்கும். நெருக்கடி தீர்ந்து சர்க்கரை வந்ததும் பிகேஏ எழுந்து, எம்எஸ்என்2-வை வெளியேற்றி, ட்ரெஹலோஸையும் கரைத்துவிடும்.

ஈஸ்ட் ஆலைகள் கடைசிக் கட்டத்தில் நைட்ரஜனைக் குறைப்பது ட்ரெஹலோஸ் சேரத்தான். பேக்கரியில் மாவு பொங்கத் தொடங்கிய பிறகு ஃப்ரீசரில் வைத்தால் ஈஸ்ட் நிறையச் சாவதும் இதனால்தான்: அதற்குள் சேமிப்பு கரைந்திருக்கும்.