சுருங்குவது வால்வு, சோர்வது அறைகள்

நல்ல நிலையில் பெருநாடி வால்வு 3 முதல் 4 சதுர செ.மீ. வரை திறக்கும். கால்சியம் படிந்து இறுகி, திறப்பு 1 சதுர செ.மீ.க்கும் கீழே போனால் அது கடுமையான சுருக்கம். அந்தச் சந்து வழியாக ரத்தத்தைத் தள்ள, இடது கீழறை தன் சுவரைத் தடிக்க வைத்துக்கொள்ளும். நாடியில் அழுத்தம் 120 இருக்க, அறைக்குள் 200 ஏறியிருக்கும். ஆளோ வழக்கம்போல் மார்க்கெட் போய் வந்துகொண்டிருப்பார்.

ஒரு காலத்தில் அவர் வாய் திறந்து சொல்வதுதான் கணக்கு. நெஞ்சுவலி தொடங்கினால் ஆயுள் ஏறத்தாழ 5 ஆண்டு, மயங்கி விழுந்தால் 3, இதயம் திணறத் தொடங்கினால் 2 என்று ஜான் ராஸும் யூஜின் பிரான்வால்டும் 1968-இல் எழுதினார்கள். அறிகுறி தெரியும்வரை பொறுத்திருப்பதே வழக்கமானது. நெஞ்சைத் திறப்பதே உயிருக்கு ஆபத்தாக இருந்த காலம் அது. அந்தப் பொறுமையை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் உள்ளே சேதம் அறை அறையாக நகர்ந்துகொண்டிருந்தது. தடித்த தசை தளர்ந்து விரிய மறுக்கும். அதை நிரப்ப இடது மேலறை கூடுதலாக உந்தி உந்தி வீங்கும்; அதன் துடிப்பு தாளம் தப்பும். அழுத்தம் நுரையீரலுக்குத் திரும்பும். ஒரு தலையணை போதாமல் இரண்டாவதை அடுக்கிக்கொண்டு படுப்பது அப்போதுதான். கடைசியில் வலது கீழறையும் ஓய்ந்துவிடும். 2017-இல் பிலிப் ஜெனெரோவின் குழு இந்தப் பயணத்தையே 0 முதல் 4 வரை நிலைகளாக வகுத்தது. வால்வு எவ்வளவு சுருங்கியது என்பதோடு, சேதம் எந்த அறைவரை வந்துவிட்டது என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

தளர்ந்த இதயம் ஆபரேஷனைத் தாங்காது என்று முன்பெல்லாம் பலரைத் திருப்பி அனுப்பினார்கள். 2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே அப்படி மறுக்கப்பட்ட 57 வயதுக்காரருக்கு, நெஞ்சைத் திறக்காமல், தொடைச் சிரை வழியாகப் பலூனில் சுருட்டிய வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்தினார். இதயம் உடனே தெம்பு பெற்றது. கால் ரத்தவோட்டக் கோளாறும் தொற்றும் 17 வாரத்தில் அவர் உயிரைப் பறித்தன. ஆனால் அதுவரை இதயம் மறுபடி திணறவில்லை.

இன்று எக்கோ அறிக்கையில் வெளியேற்ற விகிதம், அதாவது ஒரு துடிப்பில் இடது கீழறை வெளித்தள்ளும் ரத்தத்தின் பங்கு, 60 சதவீதம் என்று இருந்தாலும் மருத்துவர் நிம்மதியாகிவிடுவதில்லை. சுவர் தடித்து உள்ளிடம் சிறுத்த அறை அந்த எண்ணைக் காட்டி ஏமாற்றும்; தசை நீளவாக்கில் சுருங்குவது அந்த எண் இறங்கும் முன்பே குறைந்திருக்கும். ஸ்ட்ரெயின் அளவு அதைக் காட்டிக்கொடுக்கும், எம்.ஆர்.ஐ. தசைக்குள் விழுந்த தழும்பைக் காட்டும். வால்வு மாற்றிய சில மாதங்களில் தடிப்பு வடியத் தொடங்கும். தழும்போ அப்படியே தங்கிவிடுகிறது.

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்" என்பவரிடம் இப்போது கேட்பது வேறு: மொட்டைமாடிக்குக் கடைசியாக எப்போது ஏறினீர்கள்? யோசித்துவிட்டு, "அது ஆச்சு ரெண்டு வருஷம், துணி காயப்போட மருமகதான் போறா" என்பார்.