வெயில் மேல் பழி

கச்சான் வீசும் ஆடி மாதம். சீனக்குடாப் பக்கம் ஒரு வளவில், சாய்ந்த பாலை மரமொன்றைச் செயின்சோவால் பலகையாக அரிந்துகொண்டிருந்தார்கள். மூன்றாவது பலகையின் பாதியில் மெஷின் நின்றது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை.

"வெயில் அண்ணை, மெஷின் என்ன செய்யும்?" என்றார் அரிந்தவர்.

திருத்துபவர் சைலன்சரைக் கழற்றி, புகைத் துவாரத்தினூடாக பிஸ்டனைக் காட்டினார். பூனை பிறாண்டியது போல நெடுக்குக் கோடுகள்.

வெயிலுக்கு இதில் பங்கு சொற்பம். சிலிண்டரின் செதில்கள் 200 பாகை செல்சியஸில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காற்று 25 பாகையிலிருந்து 35க்கு ஏறினால், அது இழுத்துச் செல்லும் சூடு நூற்றுக்கு ஆறு பங்குதான் குறையும். குற்றவாளி வேறு.

மரத்தைக் குறுக்கே துண்டாடும்போது பல்லின் முனை நாரை இரு பக்கமும் வெட்டிவிடும். இடையில் உள்ளது நார்ப்போக்கில் தானாகப் பிளந்து சீவலாக வரும். பலகை அரியும்போது அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு நாரையும் பல் அறுத்தே ஆகவேண்டும். சீவலுக்குப் பதில் மாவு கொட்டும். பாலையோ தண்ணீரில் அமிழும் மரம். குற்றி துண்டாடும் வேலை சட்டென்று முடியும், மெஷின் மூச்சுவிடும். எட்டடிப் பலகைக்கு அது நிமிடக்கணக்கில் முழு மூச்சாக ஓட வேண்டும். வாள்குழிக் காலத்தில் மேலே ஒருவர், குழிக்குள் ஒருவர் நின்று அரிந்தார்கள். களைத்தால் வாள் தானாக நின்றது.  

செதில்களுக்காவது விசிறிக் காற்று உண்டு. உள்ளே கிடக்கும் பிஸ்டனுக்கு அதுவும் இல்லை. அது சிலிண்டரைவிடக் கூடச் சூடேறி, கூட விரிகிறது. இடைவெளி மயிரளவு. ஒயில் படலம் கிழிந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெற்றோல் எரிபொருள் மட்டுமல்ல. ஆவியாகும்போது சூட்டையும் வாங்கிக்கொள்ளும். அதனால் பலகை அரிய, காபரேட்டரைக் கொஞ்சம் தாராளமாகத் திறந்துவைப்பது நல்லது. காதே சொல்லும்: மரத்தைத் தொடாமல் முழு வேகத்தில் ஓடும்போது சற்றுத் தடதடத்து, பல் ஏறியதும் சீரானால் கலவை சரி. வெறுமனே ஓடும்போதே கூவினால் பெற்றோல் போதாது. ஒயிலைக் கூட்டினால் சூடு குறையும் என்று நம்புகிறவர்கள் நம்மூரில் நிறைய. கூட்டிய அளவுக்குப் பெற்றோல் குறைந்து கலவை வறளும். 50க்கு 1 என்றால், 5 லீற்றருக்கு 100 மில்லிலீற்றர், அவ்வளவுதான்.

மழுங்கிய செயின்தான் பெரிய எமன். தள்ளினால்தான் வெட்டுகிறது என்றால் நிறுத்தி அரம் போடவேண்டும். பலகைக்கென்றே பல்லின் மேல்தட்டை 30 பாகைக்குப் பதில் 10 பாகையில் தீட்டுவார்கள். மாவு செதில்களுக்கிடையே அடைத்தால் விசிறிக்கும் வேலையில்லை. தூரிகையால் தட்டிவிட வேண்டும். பலகை முடிந்ததும் சட்டென்று அணைக்காமல் ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டால் விசிறி மிச்சச் சூட்டை வெளியேற்றும்.

அந்த மெஷினுக்குப் புதுப் பிஸ்டன் போட்டாயிற்று. பாதி அரிந்த பாலைக்குற்றி இன்னும் வளவில் கிடக்கிறது. அரம் வாங்க ஆள் போயிருக்கிறது.