நான்கு தந்தியோடு முதல் தேர்வுக்குப் போகிறீர்களா?

கோயில் திருவிழா முடிந்த இரவில் தோட்டத்து மேடையில் இசைக்குழுவின் கச்சேரி நடக்கிறது. பாடகர் முன்னால் நிற்கிறார். கீபோர்டுக்காரரின் விரல்களைப் பார்த்துக் கைதட்டுகிறோம். டிரம்ஸ் அடிப்பவரைச் சிறுவர்கள் வாய்பிளந்து பார்க்கிறார்கள். அவருக்குப் பக்கத்தில், வெளிச்சம் பாதி விழுகிற இடத்தில், நீண்ட கழுத்துள்ள கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் நிற்பாரே, அவரை நீங்கள் கவனித்ததுண்டா? அவர் வாசிப்பது பேஸ் கித்தார். பாட்டின் நடுவே அவர் கையை எடுத்துவிட்டால் பாட்டு நிற்காது. ஆனால் நடுக்கால் பிடுங்கிய பந்தலைப்போல் தொய்ந்துவிடும். என்ன குறைந்தது என்று சொல்லத் தெரியாமலே கூட்டம் பேச்சில் இறங்கிவிடும்.

அந்த இடத்தில் நிற்க ஆசைப்பட்டு, "ஞாயிற்றுக்கிழமை வந்து வாசித்துக் காட்டு" என்று ஒரு குழுவிடமிருந்து அழைப்பும் பெற்றுவிட்ட தம்பிக்கும் தங்கைக்கும் எழுதியது இது. பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்று யோசிக்கிற பெற்றோரும் கூடவே படிக்கலாம்.

பேஸ் கித்தார் வயதில் இளைய கருவி. அமெரிக்கரான லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்' என்ற கித்தார்தான் அதை உலகெங்கும் பரப்பியது. அதுவரை ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டுதான் ஊர் ஊராகப் போனார்கள். தந்திகள் நான்கு. தடித்ததிலிருந்து சொன்னால் ஈ, ஏ, டி, ஜி. சாதாரண கித்தாரின் தடித்த நான்கு தந்திகளும் இவையேதான். பேஸில் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். ஈ தந்தி வினாடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலியைக் கைத்தொலைபேசியின் சின்ன ஒலிபெருக்கியால் தர இயலாது. பேஸ் வாசிக்க விரும்பும் பிள்ளைகளே பாட்டில் பேஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விழிப்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே முதல் வேலை, நல்ல இயர்போன் ஒன்றை இரவல் வாங்கியாவது பாட்டைக் கேட்பது. இளையராஜா இசையில் 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் கித்தாரால் பெயர் பெற்ற பாட்டு எதுவென்று உங்களுக்கே தெரியும். அதை எடுத்துக் கொள்ளுங்கள். பாடகரை மறந்துவிடுங்கள். கித்தாரையும் மறந்துவிடுங்கள். அடியில் ஒன்று, தனக்கென ஒரு மெட்டு வைத்துக்கொண்டு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நடந்து போகும். அதுதான் பேஸ். இளையராஜாவின் பாடல்கள் பலவற்றுக்குப் பேஸ் வாசித்தவர் சசிதரன். பாடியவர் பெயரைச் சொல்லும் நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? இந்தக் கருவியை எடுப்பவர் இதையும் தெரிந்துகொண்டே எடுக்க வேண்டும்.

சரி, தேர்வில் குழுவினர் எதைத் தேடுகிறார்கள்? விரல் வேகத்தை என்றே புதியவர்கள் நினைக்கிறார்கள். போனதும் போகாததுமாகக் கட்டைவிரலால் தந்தியை அறைந்து வித்தை காட்டுகிறார்கள். குழுத் தலைவர் சிரித்துக்கொண்டே, "அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் தம்பி" என்பார். சொல்லி அனுப்பமாட்டார். அவர்களுக்கு வேண்டியது சாய்ந்துகொள்ள ஒரு சுவர். பாடகர் சற்றே இழுத்தாலும், கீபோர்டுக்காரர் ஓடினாலும், டிரம்ஸும் பேஸும் இடம் பெயராமல் நின்றால் மற்றவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். டிரம்ஸ்காரர் காலால் மிதிக்கும் பெரிய டிரம்மைக் 'கிக்' என்பார்கள். அந்த அடியும் உங்கள் சுரமும் ஒரே ஓசையாகக் கேட்க வேண்டும். இரண்டாகக் கேட்டால் அன்றைய தேர்வு அநேகமாக முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிரம்ஸ்காரரின் கால் தெரிகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். கூச்சப்பட்டு மூலைக்குப் போய்விடாதீர்கள்.

சுரத்தைத் தொடங்குவது பாதி வேலைதான். நிறுத்துவது மறுபாதி. பேஸ் தந்தி ஒருமுறை தட்டினால் நெடுநேரம் முழங்கும். அதை எங்கே அடக்குவது என்று தெரியாதவர் வாசித்தால் ஒரு சுரத்தின்மேல் இன்னொரு சுரம் ஏறி, குழம்பில் சாம்பாரை ஊற்றியதுபோல் ஆகிவிடும். தட்டாத தந்திகளின்மேல் விரல்கள் லேசாகப் படிந்திருக்க வேண்டும். மெதுவான பாட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு சுரத்தையும் எங்கே முடிக்கிறோம் என்று மட்டுமே பார்த்து ஒரு வாரம் வாசியுங்கள். அலுப்பான பயிற்சிதான். ஆயினும் பத்துப் புதுப் பாட்டுப் பாடம் பண்ணுவதைவிட இதில் பலன் அதிகம்.

இனி, நம் குழுக்களுக்கே உரிய ஒரு சங்கதி. பாட்டை இசைத்தட்டில் உள்ள சுருதியிலேயே வாசித்துப் பழகிப் போவீர்கள். அங்கே பாடுபவர், "எனக்கு நாலரைக் கட்டை" என்பார். கை உறைந்துவிடும். கட்டைக் கணக்கு எளிது. ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. ஒன்றரை என்றால் சி ஷார்ப், நாலரை என்றால் எஃப் ஷார்ப். அப்படிப் பார்த்தால் உங்கள் நான்கு தந்திகளும் மூன்று, ஆறு, இரண்டு, ஐந்து கட்டைகள்தாம்! கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட் ஒன்று தாண்டினால் அரைக் கட்டை ஏறும். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவிலும், ஏழுக்கும் மேல் ஒன்றுக்கும் நடுவிலும் மட்டும் ஒரே ஃபிரெட்தான் இடைவெளி. மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது.

தந்தியை வெறுமனே திறந்து தட்டாமல், விரல் வைத்தே ஒரு பாட்டைப் பழகிவிட்டால், சுருதி மாறும்போது கையை மொத்தமாக நகர்த்தினால் போதும். ஷட்ஜமம் ஒரு தந்தியில் இருந்தால், பஞ்சமம் அடுத்த மெல்லிய தந்தியில் இரண்டு ஃபிரெட் மேலே இருக்கும். மேல் ஷட்ஜமம் அதற்கும் அடுத்த தந்தியில், பஞ்சமத்துக்கு நேர் எதிரே. எந்தக் கட்டைக்குப் போனாலும் இந்தப் படம் மாறாது. தரப்பட்ட பாட்டுகளை இசைத்தட்டின் சுருதியிலும், அரைக் கட்டை ஏற்றியும், ஒரு கட்டை இறக்கியும் வாசித்துப் பாருங்கள். மலாய்ப் பாட்டு ஒன்றையும் சேர்த்துப் படித்து வையுங்கள். பட்டணத்து விருந்துகளில் கட்டாயம் கேட்பார்கள். 1960-களின் இறுதியில் பினாங்கில் தொடங்கி மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் பெயர் வாங்கிய 'ஆலிகேட்ஸ்' குழுவின் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் நம்மவர்கள்தாமே!

"லயத்து வீட்டில் எங்கே போய் வாசிப்பது? பக்கத்து வீட்டில் விடியற்காலைப் பெரட்டுக்கு எழ வேண்டுமே" என்று கேட்பீர்கள். நியாயந்தான். தாழ்ந்த ஒலி பலகைச் சுவரை மட்டுமல்ல, கல் சுவரையும் கடந்து போகும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒலிபெருக்கியில் இணைக்காமலே கித்தாரின் உடலை மர அலமாரியின் பக்கவாட்டில் லேசாகச் சாய்த்து வைத்து வாசியுங்கள். அலமாரியே அதிர்ந்து உங்களுக்கு மட்டும் கேட்கும் அளவுக்கு ஒலி கொடுக்கும். அண்டை வீட்டார் தூக்கத்துக்குக் கெடுதல் இல்லை. அம்மாவின் சேலைகள் உள்ளே இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது!

இசைத்தட்டோடு சேர்ந்து வாசிப்பது மட்டும் போதாது. அது உங்களைத் தூக்கிக்கொண்டு போகிறது. நீங்கள் யாரையும் தூக்குவதில்லை. மெட்ரோனோமைக் கைத்தொலைபேசியிலேயே இலவசமாகப் பெறலாம். நிமிடத்துக்கு 60 அடி வைத்துத் தொடங்கி, தப்பில்லாமல் வந்த பிறகே கூட்டுங்கள். அதற்கும் மேலான பயிற்சி, வீட்டில் அக்காவையோ சித்தியையோ பாடச் சொல்லி, நீங்கள் பேஸ் மட்டும் வாசிப்பது. அவர்கள் இடையில் இழுப்பார்கள், மூச்சு வாங்குவார்கள், சிரிப்பார்கள். அப்போது உங்கள் தாளம் நிற்கிறதா என்று பாருங்கள்.

பகலெல்லாம் செம்பனைக் குலை வெட்டி வந்த கைக்குத் தந்தியை எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது. இறுக்கிப் பிடித்தால் சீக்கிரம் களைத்துவிடும். குளித்து, சாப்பிட்டு, கை ஆறிய பிறகு எடுங்கள். வலது கையில் இரண்டு விரலா, ஒரு விரலா என்ற சண்டை வேண்டாம். டெட்ராயிட்டில் மோட்டவுன் இசைத்தட்டுகளுக்கு வாசித்துப் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஜேமர்சன் சுட்டுவிரல் ஒன்றாலேயே வாசித்தவர். தேர்வுக்கு முந்திய இரவு மூன்று மணி நேரம் போராடி விரலில் கொப்புளம் வரவழைத்துக்கொள்ளாதீர்கள். தந்தி மாற்றுவதானால் சில நாள் முன்பே மாற்றிவிடுங்கள். புதுத் தந்தி இழுபட்டுச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். புதுசு வாங்க வசதி இல்லையா? பழைய தந்திகளைக் கழற்றி, வெந்நீரில் சிறிது நேரம் கொதிக்கவிட்டு, நன்றாகத் துடைத்து உலர்த்தி மாட்டினால் சில காலத்துக்கு ஒலி தெளிவாகும்.

பையில் தோள்வார், கேபிள், மாற்றுக் கேபிள், பாட்டுகளின் கோர்டு எழுதிய தாள் இருக்கட்டும். சில பேஸ் கித்தார்களுக்கு உள்ளே 9 வோல்ட் பேட்டரி உண்டு. கேபிள் செருகியிருக்கும் நேரமெல்லாம் அது கரைந்துகொண்டே இருக்கும். இரவெல்லாம் செருகி வைத்துவிட்டு மறுநாள் ஊமைக் கித்தாரோடு நின்றவர்கள் உண்டு.

அங்கே போனதும் ஒலிபெருக்கி அறை மூலையில் இருந்தால், கேட்டுக்கொண்டு சற்று வெளியே இழுத்து வையுங்கள். மூலையில் பேஸ் ஒலி குமுறும், சுரம் தெரியாது. சுருதி சேர்க்கும்போது ஒலியைக் குறைத்துவிடுங்கள். பாட்டின் நடுவே தடம் தவறிவிட்டதா? தேடிக்கொண்டே தடவாதீர்கள். கையை அடக்கி, கேட்டு, அடுத்த முதல் அடியில் வந்து சேருங்கள். அரை நிமிட மௌனத்தை மன்னிப்பார்கள். நான்கு தப்புச் சுரத்தை மன்னிக்கமாட்டார்கள். முகத்தில் மட்டும் அந்தத் தப்பைக் காட்ட வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு சொல். இசைக்குழு வருமானம் மாதச் சம்பளம் ஆகாது. கல்யாண மாதங்களில் வரும், மார்கழியில் வற்றும். அதை நம்பி இருக்கிற வேலையை விடச் சொல்லும் குழுவானால், எவ்வளவு நல்ல குழுவானாலும் பிள்ளையை அனுப்பாதீர்கள். பங்கு எவ்வளவு, இரவு இரண்டு மணிக்கு வீடு சேர வண்டி யார் தருவது, ஒத்திகை இடத்தில் குடி உண்டா என்று நேராகவே கேளுங்கள். அதில் வெட்கம் என்ன? மரியாதையான குழு மரியாதையாகப் பதில் சொல்லும். பெண்பிள்ளை கேட்டால் "இது ஆம்பிளைகள் வாசிப்பது" என்று மட்டும் தள்ளிவிடாதீர்கள். மும்பையைச் சேர்ந்த மோகினி டே இளம் வயதிலேயே ஏ.ஆர். ரஹ்மானுடன் பேஸ் வாசித்தவர். அண்ணனோ மாமாவோ கூடப் போய் உட்கார்ந்திருந்து அழைத்து வரலாம்.

பேஸ் என்பது கித்தாரில் தோற்றவர்களுக்குக் கொடுக்கும் இடம் என்று சொல்பவர்களும் உண்டு. பீட்டில்ஸ் குழுவில் முதலில் கித்தார் வாசித்துக்கொண்டிருந்த பால் மெக்கார்ட்னி, 1961-இல் பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் விலகியதும்தான் அதைக் கையில் எடுத்தார். தோற்றவராக அவரை யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

வாசித்து முடிந்ததும் பதில் எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு, கேபிளைச் சுருட்டி வைத்து, ஒலிபெருக்கியைத் தூக்க ஒரு கை கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். பஸ்ஸில் உட்கார்ந்ததும், மறப்பதற்குள், என்னென்ன பாட்டுக் கேட்டார்கள், எத்தனை கட்டை, எந்த இடத்தில் கிக்கோடு சேரவில்லை என்று கோர்டுத் தாளின் பின்பக்கம் எழுதிவிடுங்கள். நாளை இரவு அலமாரியில் சாய்ந்து உட்காரும்போது அங்கிருந்தே தொடங்கலாம்.