கயிறு பிடித்த கையும் துடுப்புப் பிடித்த கையும்

துடுப்புப் படகுப் போட்டியில் வெற்றியைத் தீர்மானிப்பது தோள்வலிமையா, குழுவினர் ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கையா என்ற கேள்விக்கு, சிலாபத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டி ஆகிய மன்னார்க் கரைகளில் பல நூற்றாண்டுகள் நடந்த முத்துக்குளிப்பு தெளிவான விடை தருகிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கக் குறிப்புகளின்படி, தண்டல் எனப்பட்ட தலைவரின்கீழ் இயங்கிய ஒவ்வொரு தோணியிலும் ஐந்து கற்களும் பத்துக் குளிப்போரும் இருந்தனர். இருவர் ஒரு கல்லை மாறிமாறிப் பயன்படுத்தியதால், ஒருவர் கடலடியில் இருக்கையில் மற்றவர் இளைப்பாற முடிந்தது. கல்லின் பாரத்தால் இறங்கியவர், ஏறத்தாழ ஒரு நிமிடமே தாங்கும் மூச்சுக்குள் சிப்பிகளைச் சேர்த்துக் கயிற்றை அசைத்ததும், தோணியில் இருந்தவர் நொடியும் தாமதியாமல் இழுத்தாக வேண்டும். கயிறு உடனே இழுபடுமா என ஐயுற்றவர் மூச்சு மிஞ்சியிருக்கும்போதே மேலேறிவிடுவார் என்பதால், நம்பிக்கை குறைந்த இடத்தில் சிப்பியும் குறையும். கயிற்றை மைத்துனனிடமே ஒப்படைப்பர் என்று தமிழ்க் கரைகளில் வழிவழியாகச் சொல்லப்படுவதும் இதனால்தான். எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்ட 1905ஆம் ஆண்டுக் குளிப்பின் பின்னணியிலும் இத்தகைய கூட்டுழைப்பே இருந்தது.

ஆயினும் ஆட்கள் கூடுவதால் மட்டும் ஆற்றல் கூடிவிடுவதில்லை. பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் மாக்ஸ் ரிங்கல்மன் 1913இல் வெளியிட்ட ஆய்வின்படி, எட்டுப் பேர் சேர்ந்து கயிறு இழுக்கும்போது ஒவ்வொருவரும் தனியாக இழுக்கும் வலிமையில் ஏறத்தாழ பாதியே வெளிப்பட்டது. இழுப்பு ஒரே கணத்தில் நிகழாமையும், பிறர் இழுப்பர் என்ற எண்ணத்தால் முயற்சி தளர்வதும் இவ்விழப்பின் இரு காரணங்கள்.

எட்டுப் பேர் துடுப்பு வலிக்கும் படகில் இரண்டும் பெருங்கேடாகும். போகும் திசைக்கு முதுகு காட்டி அமர்ந்திருப்போர், வழியைச் சுக்கான் பிடிப்பவரிடமும் தாளத்தைப் பின்கோடியில் அமர்ந்து வலிப்பவரிடமும் ஒப்படைக்கின்றனர். ஒரு துடுப்புப் பிந்தி நீரில் இறங்கினாலும் படகின் வேகம் தடைப்படும். அதே சமயம், இசைந்த உழைப்பு உடலுக்கும் உரமூட்டுகிறது: ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் படகோட்டிகள் 12 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 45 நிமிடப் பயிற்சியைத் தனியே செய்தபோதைவிடக் குழுவாகச் செய்தபின் அவர்களின் வலி தாங்கும் திறன் உயர்ந்திருந்தது.

ஆகவே நம்பிக்கை என்பது வீரர்களிடம் தானாக அமையும் குணம் அன்று. யார் எதற்குப் பொறுப்பு என்பது தெளிவாகவும், ஒருவரின் உழைப்பு மற்றவருக்குத் தெரியும்படியும் வேலையைப் பங்கிடும் குழுவிலேயே அது வளரும் என்பதை மன்னார்த் தோணிகள் பயிற்சியாளர்களுக்கு இன்றும் உணர்த்துகின்றன.