கோவைத் தெருக்குழாயடியில் ஆர்.கே. நாராயண்

1933 ஜூலையில் அக்காவோடு கோயம்புத்தூர் வந்திருந்தார் ஆர்.கே. நாராயண். மைசூர் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. முடித்து, கிடைத்த ஆசிரியர் வேலையையும் உதறிவிட்டு, இனி எழுத்துதான் பிழைப்பு என்று இருந்த இளைஞர். அங்கே தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ராஜம் என்ற பெண்ணைப் பார்த்தார். பார்த்ததோடு சரி, அவரோடு ஒரு வார்த்தை பேச வழியில்லை.

அதன்பின் நாராயண் செய்ததற்குத் துணிச்சல் வேண்டும். ராஜத்தின் தந்தை நாகேஸ்வர ஐயர் தலைமையாசிரியர். அவரோடு பழகினார் நாராயண். ஒருநாள் பேச்சுவாக்கில், உங்கள் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறேன் என்று நேராகவே சொல்லிவிட்டார். பெரியவர்கள் கூடிப் பேசி முடிக்கிற காலம் அது. ஜாதகத்தில் ஏழாம் இடத்தில் செவ்வாய் என்று தடையும் வந்தது. அதையும் தாண்டித் திருமணம் நடந்தது. 1939-இல் டைபாய்டு ராஜத்தைக் கொண்டுபோயிற்று. அந்தத் துயரத்திலிருந்து பிறந்ததுதான் 1945-இல் வந்த ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ நாவல்.

இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் ராஜத்தைப் பற்றியே யோசிக்கிறேன். நாராயணின் மனம் தன்வரலாறான ‘மை டேஸ்’ நூலில் இருக்கிறது. குடத்தோடு நின்ற பெண் என்ன நினைத்தார்? கேள்வி அப்பாவிடம் போனது, ராஜத்திடம் போகவில்லை. சொஜ்ஜி, பஜ்ஜியோடு நடந்த பெண்பார்க்கும் சடங்கிலும் இதே கதைதான். பெண் தலைகுனிந்து வந்து நிற்க, முடிவைக் கூடத்தில் இருந்தவர்கள் எடுத்தார்கள்.

செல்போன் செயலியில் அறிமுகமாகி, நேரில் பார்த்திராத ஒருவரைச் சந்திக்கக் கிளம்பும் இன்றைய பெண்ணைக் கண்டு வீட்டுப் பெரியவர்கள் பதறுகிறார்கள். எனக்கோ அவள் கிளம்புவதில் ஒரு நிம்மதி உண்டு. எதிரே இருப்பவரிடம் அவளே கேட்கலாம். காபி ஆறுவதற்குள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தும் வரலாம். ராஜத்துக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

பதற்றத்திலும் நியாயம் உண்டு. படத்தில் இருப்பவர்தான் வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் முதல் சந்திப்பு ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் இருக்கட்டும். மைசூரில் என்றால், நாராயண் உலாவிய குக்கரஹள்ளி ஏரிக்கரையைச் சொல்வேன். காலையிலும் மாலையிலும் நடைக்கு வருபவர்கள் இருப்பார்கள். தோழி ஒருத்தியிடமாவது இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிட்டு, உங்கள் வண்டியிலேயே போங்கள், உங்கள் வண்டியிலேயே திரும்புங்கள்.