கணினியைப் பழைய நிலைக்கு மீட்டல்

பழுதின்றி ஓடும் இயந்திரத்தைக் கழற்றிப் பார்க்க எவரும் எளிதில் துணிவதில்லை. மீண்டும் பூட்டியபின் முன்போல ஓடுமோ, ஓடாதோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். கணினியைப் பயன்படுத்துவோரிடத்தும் இவ்வச்சம் உண்டு. புதுப்பிப்பு வந்திருக்கிறது என்னும் அறிவித்தல் திரையில் தோன்றுகிறது. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று அது ஒதுக்கப்படுகிறது. நாளை வாரமாகி, வாரம் ஆண்டாகிவிடுகிறது. லினக்ஸ் மின்ட் என்னும் பணிசெயல் முறைமையை ஆக்குவோர், 2021 ஆம் ஆண்டு பெப்ரவரியில் இக்குறையைத் தம் பயனாளருக்கு வெளிப்படையாகவே எடுத்துரைத்தனர். 2019 ஏப்ரலிலேயே பராமரிப்பு முடிவுற்ற 17 ஆம் பதிப்பைப் பலர் அப்போதும் கைவிடாதிருந்தனர். பாதுகாப்புக் குறைகள் திருத்தப்படாத கணினியோ பூட்டில்லாத வீட்டை ஒக்கும்.

இவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. கணினியின் உறுப்புகளை ஆண்டு, பிற மென்பொருள்கள் இயங்க இடங்கொடுப்பது பணிசெயல் முறைமை. 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிய லினக்ஸ், எவரும் மூலத்தைப் படிக்கவும் திருத்தவும் கூடிய திறந்த மூல வகையைச் சேர்ந்தது. அதன்மீது அமைந்த முறைமைகளில் ஆயிரக்கணக்கான சிறு பொதிகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. பல மென்பொருள்களுக்குப் பொதுவான பகுதி ஒன்று மாறினால், அதைச் சார்ந்த யாவும் அம்மாற்றத்தை உணரும். அரிதாகவே எனினும், ஒரு புதுப்பிப்பின் பின் திரை தோன்றாமற் போவதும் உண்டு.

ஆகவே வேண்டுவது யாது? மாற்றத்தைத் தடுப்பதன்று, மாறியபின் மீளுவதற்கு ஒரு வழி. அவ்வழியையே நிலைப்பதிவு தருகிறது. ஒரு குறித்த நேரத்தில் முறைமை எவ்வாறு இருந்ததோ, அதனை அவ்வாறே பதிந்து வைப்பது நிலைப்பதிவாகும். இதனைச் செய்யும் கருவிகளுள் பெயர்பெற்றது டைம்ஷிப்ட். டோனி ஜோர்ஜ் என்பவர் ஆக்கிய இக்கருவி, 2017 இல் வெளிவந்த லினக்ஸ் மின்ட் 18.3 பதிப்பில் உடன் சேர்க்கப்பட்டது. 2022 இல் அதன் பராமரிப்பையும் மின்ட் குழுவினரே ஏற்றுக்கொண்டனர். நாள்தோறுமோ வாரந்தோறுமோ பதிவு எடுக்கும்படியும், இத்தனை பதிவுகளை மட்டும் வைத்திருந்து பழையவற்றை நீக்கும்படியும் அதனைப் பணிக்கலாம். முறைமை அறவே எழாது போயினும் கவலையில்லை. நிறுவுதற்குரிய யூ.எஸ்.பி. கோலிலிருந்து கணினியை எழுப்பி, அங்கே டைம்ஷிப்ட்டைத் திறந்து, முன்னைய பதிவைத் தெரிந்து மீட்டுக்கொள்ளலாம்.

நாள்தோறும் முழு முறைமையையும் பிரதிசெய்தால் வன்தட்டு நிரம்பிவிடாதா என்று கேட்கலாம். நிரம்பாதிருக்கும் உபாயம் எளியது. முதற்பதிவு மட்டுமே முறைமையின் அளவுக்கு இடங்கொள்ளும். அடுத்த பதிவுகளில் மாறிய கோப்புகள் மட்டும் புதிதாகப் பிரதிசெய்யப்படும். மாறாதவற்றுக்கு மற்றுமொரு பெயர் மாத்திரம் இடப்படும். நூலகத்திலே ஒரே நூலுக்கு ஆசிரியர் பெயரால் ஓர் அட்டையும் நூற்பெயரால் ஓர் அட்டையும் இருப்பதில்லையா? நூல் ஒன்றே, அதனை அடையும் வழிகள் இரண்டு. வன்தட்டிலும் அவ்வாறே. கடைசிப் பெயர் நீங்கும்வரை கோப்பு அழிவதில்லை. ஆதலால் பழைய பதிவொன்றை நீக்குவதால் ஏனைய பதிவுகளுக்கு ஊறு நேராது. இப்பணிக்கு டைம்ஷிப்ட் துணைகொள்ளும் ஆர்சிங்க் என்னும் கருவி, அவுஸ்திரேலியாவில் அன்ட்ரூ ட்ரிட்ஜெல், போல் மக்கராஸ் ஆகிய இருவரால் 1996 இல் வெளியிடப்பட்டது.

வேறொரு முறையும் உண்டு. 2009 இல் லினக்ஸ் கருவோடு சேர்க்கப்பட்ட பி.டி.ஆர்.எப்.எஸ். என்னும் கோப்பு முறைமை, ஒரு கோப்பு மாறும்போது பழைய எழுத்தின்மேல் எழுதாது, புதியதை வேறிடத்தில் எழுதும். பழையது அவ்விடத்திலேயே கிடப்பதால் நிலைப்பதிவு கணப்பொழுதில் முடிந்துவிடுகிறது. ஓப்பன்சூசே முறைமையிலே ஸ்னாப்பர் என்னும் கருவி, பொதிகளை நிறுவுமுன் ஒன்றும் நிறுவியபின் ஒன்றுமாக இரு பதிவுகளைத் தானே எடுக்கிறது. கணினி எழும்போது தோன்றும் பட்டியலிலேயே பழைய பதிவைத் தெரிந்து உட்புகலாம்.

முறைமை மாறியபின் மீளும் வழி இது. முறைமையை மாற்றாமலே புதிய மென்பொருளைப் பயன்படுத்தும் வழியும் உளது. அதுவே எடுத்துச் செல்லக்கூடிய செயலி. சைமன் பீட்டர் என்பவர் 2004 இல் கிளிக் என்ற பெயரில் தொடக்கிய முயற்சி, பின்னர் ஆப்இமேஜ் என்னும் வடிவாக வளர்ந்தது. ஒரு செயலிக்கு ஒரு கோப்பு என்பதே அதன் கொள்கை. தனக்கு வேண்டிய துணைப்பகுதிகளை அக்கோப்பு தன்னகத்தே கொண்டிருக்கும். அதற்கு இயங்கும் உரிமை அளித்துத் திறந்தாற் போதும். நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டுவதில்லை. வேண்டாதபோது கோப்பை அழித்தால் செயலி நீங்கிவிடும்.

ஆயின் இத்தகைய கோப்புகள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்துவிட்டால், எது எங்குள்ளது, எது பழையது என்பது விளங்காது. இக்குறையைப் போக்க எழுந்தவை கியர் லீவர், ஆப்இமேஜ்லாஞ்சர் முதலிய கருவிகள். அவை கோப்புகளை ஓரிடத்தில் ஒழுங்குபடுத்திப் பட்டியலில் சின்னத்தோடு சேர்க்கின்றன. புதிய பதிப்பு வந்தால் மாற்றவும் துணைசெய்கின்றன.

இவ்வசதிகளுக்கும் எல்லைகள் உண்டு. செயலி தன் துணைப்பகுதிகளைத் தானே சுமப்பதால், முறைமையில் திருத்தப்பட்ட பாதுகாப்புக் குறை அக்கோப்பினுள்ளே திருத்தப்படாது கிடக்கலாம். மேலும் அது இயங்கும்போது பயனாளரின் கோப்புகள் யாவற்றையும் அணுகவல்லது. ஆதலால் ஆக்கியோரின் இடத்திலிருந்தே அதனைப் பெறுதல் வேண்டும்.

நிலைப்பதிவின் எல்லையோ இன்னும் முக்கியமானது. டைம்ஷிப்ட், பயனாளரின் சொந்தக் கோப்புறையை இயல்பாகப் பதிவில் சேர்ப்பதில்லை. இது மறதியன்று, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. ஓர் ஆசிரியை திங்கட்கிழமை நிலைப்பதிவு எடுக்கிறார் என்று கொள்வோம். வியாழன்வரை மாணவரின் புள்ளிகளைப் பதிந்தபின் கணினி பழுதாகிறது. முறைமையைத் திங்கட்கிழமை நிலைக்கு மீட்கும்போது புள்ளிகளும் திங்கட்கிழமைக்கே திரும்பினால், மூன்று நாளுழைப்பு வீணாகும். அவ்வாறு நேராதிருக்கவே சொந்தக் கோப்புகள் தொடப்படாது விடப்படுகின்றன.

ஆனால் அதே ஆசிரியை அப்புள்ளிப் பட்டியலைத் தவறுதலாக அழித்துவிட்டால், நிலைப்பதிவு அதனைத் திருப்பித் தராது. வன்தட்டே கெட்டுவிட்டால், அவ்வன்தட்டிலேயே இருந்த நிலைப்பதிவும் அதனோடு போய்விடும். நிலைப்பதிவு இருக்கிறதே என்று நம்பிப் பிரதி எடுக்காதிருப்போர் இழப்பது பெரும்பாலும் மீண்டும் பெறமுடியாத எழுத்தையும் படங்களையுமே. பணிசெயல் முறைமையை ஒரு மணி நேரத்தில் புதிதாக நிறுவிவிடலாம். மறைந்தவரின் நிழற்படத்தை எங்ஙனம் மீண்டும் பெறுவது?

ஆகவே காப்பு மூவகைப்படும். முறைமைக்கு நிலைப்பதிவு, புதிய செயலிகளுக்கு முறைமையைத் தொடாத தனிக்கோப்பு, சொந்த ஆக்கங்களுக்கு வேறொரு தட்டில் தனிப்பிரதி. முதலிரண்டையும் கருவிகள் பார்த்துக்கொள்ளும். மூன்றாவதை மனிதர் நினைவில் வைத்துச் செய்தல் வேண்டும். இம்மூன்றும் அமைந்துவிட்டால், புதுப்பிப்பு அறிவித்தல் தோன்றும்போது அதனை நாளைக்கு ஒதுக்கவேண்டிய தேவை இராது.