உங்களுக்குத் தெரியுமா? கண்டி மலையும் பின்னல் பாணும்

● கண்டியிலிருந்து கம்பளை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், புசல்லாவைக்கு அருகே ரொத்சைல்ட் என்றொரு தோட்டம் இருக்கிறது. ஐரோப்பாவின் பெரும் யூத வங்கிக் குடும்பத்தின் பெயர் அது. தோட்டத்தை உருவாக்கிய கேப்ரியல், மொரிஸ் டி வோர்ம்ஸ் சகோதரர்கள் அந்த வங்கியை நிறுவிய மேயர் அம்ஷெல் ரொத்சைல்டின் மகள் வயிற்றுப் பேரர்கள்; ஜேர்மனியின் பிராங்பேர்ட்டில் பிறந்தவர்கள். கோப்பிக் காலத்தில், 1841இல், மொரிஸ் சீனத் தேயிலையை அங்கே நட்டுப் பார்த்தார். இலங்கைத் தேயிலையின் முன்னோடி எனப்படும் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல்தான். டி வோர்ம்ஸின் முயற்சி செலவு கட்டுபடியாகாமல் சோதனையோடு நின்றது. அந்த மலைக்காடுகளை வெட்டிக் கோப்பி நட்ட கைகள் மன்னார் வழியாக நடந்து வந்த நம் முன்னோரின் கைகள். தோட்டத்துப் பெயரைச் சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

● பிராங்பேர்ட் வட்டாரத்து யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கென்று ஒரு பாண் சுடுவார்கள். மாவைக் கயிறுகளாக உருட்டி, சடைபோலப் பின்னி, முட்டை பூசிச் சுடுவது. அங்கே அதற்குப் பெயர் பெர்ஹெஸ். உலகம் இன்று அதை ஹல்லா என்று அறியும்.

● 1907–08இல் கண்டிக் கச்சேரியில் பணியாற்றிய எழுத்தாளர் லெனார்ட் வூல்ஃப் லண்டன் யூதக் குடும்பத்துப் பிள்ளை.

● கண்டி வாவிக்கரையில் இயங்கும் பௌத்த வெளியீட்டுச் சங்கத்தின் நூல்கள் உலகெங்கும் போகின்றன. 1958இல் அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் ஞானபொனிக்க தேரர். 1901இல் பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்து ஊரான ஹனாவில், ஒரு யூதக் குடும்பத்தில், சீக்மண்ட் பெனிகராகப் பிறந்தவர். 1936இல் இலங்கைக்கு வந்து துறவு பூண்டார். நாசிகளின் பிடியிலிருந்து தாயாரையும் மீட்டு இங்கே வரவழைத்தார். அந்த அம்மா கொழும்பில் வாழ்ந்து இந்த மண்ணிலேயே கண்மூடினார். போர் வந்தபோது ஆங்கிலேய ஆட்சி தேரரை ஜேர்மானியர் என்று தியத்தலாவையிலும் பிறகு டேராடூனிலும் அடைத்து வைத்தது. யூதர் என்பதால் ஜேர்மனியில் வாழ முடியாதவரை, ஜேர்மானியர் என்பதால் முகாமில் போட்டார்கள். இதை எப்போது படித்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. முகாமிலும் அவர் மொழிபெயர்ப்பை விடவில்லை. 1952 முதல் உடவத்தகெலே காட்டுக்குள் வன ஆச்சிரமத்தில் வாழ்ந்தார், 1994இல் மறைந்தார்.

● ஹல்லா என்றதும் எல்லாரும் பின்னலைத்தான் பார்க்கிறார்கள். உண்மையில் அந்தப் பெயர் பின்னலுக்குரியதே அல்ல. பிசைந்த மாவிலிருந்து, பின்னுவதற்கு முன், பிய்த்து எடுத்து வைக்கும் பங்குக்கு உரிய பெயர் அது. எண்ணாகமம் 15ஆம் அதிகாரத்தில் அதற்கான கட்டளை இருக்கிறது. எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் அந்தப் பங்கு குருமாருக்குப் போனது. ஆலயம் 70ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. அதன் பிறகும் யூதப் பெண்கள் அந்தப் பிடியை எடுப்பதை நிறுத்தவில்லை; அதை உண்ணக் குருமாருக்கு வேண்டிய சடங்குத் தூய்மை இப்போது இல்லாததால் நெருப்பில் இட்டு எரிக்கிறார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக, யாரும் உண்ணாத ஒரு பங்கை எடுத்து வைத்துக்கொண்டே இருக்கும் வழக்கம் இது. இந்தப் பாணின் உயிர் எனக்கு அங்கேதான் தெரிகிறது. சாதாரணமாக வீட்டில் ஒரு பாணுக்குப் பிசையும் மாவில் இந்தக் கடமை வராது. ஒன்றேகால் கிலோ அளவு மாவிலிருந்துதான் தொடங்கும். ஆசீர்வாதம் சொல்லி எடுப்பதற்கு இன்னும் கூடுதலான மா வேண்டும் என்பார்கள்.

● பின்னல் பிற்பாடு வந்தது. 15ஆம் நூற்றாண்டளவில் ஜேர்மனி, ஆஸ்திரியா பக்கம் கிறிஸ்தவர்கள் ஞாயிறுக்குச் சுட்ட பின்னல் பாணைப் பார்த்து யூதர்களும் எடுத்துக்கொண்டார்கள் என்பது உணவு வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. யெமன் யூதர்களின் ஓய்வுநாள் ரொட்டி பின்னலே இல்லாதது. ஆனால் உருவம் வந்து சேர்ந்ததும் பொருளும் வந்து அமர்ந்தது. மூன்று கால் பின்னலில் உண்மை, சமாதானம், நீதி என்பார்கள். ஆறு கால் பின்னலில் இரண்டு பாண் வைத்தால் பன்னிரண்டு கால். இஸ்ரவேலின் கோத்திரங்கள் பன்னிரண்டு. லேவியராகமம் 24இல் ஆலய மேசைமீது வரிசைக்கு ஆறாக இரண்டு வரிசை அப்பம் அடுக்கச் சொல்லியிருப்பதும் இதே கணக்கு.

● மேசையில் ஒரு பாண் போதாது, இரண்டு வேண்டும். பாலைவனத்தில் வானத்திலிருந்து மன்னா விழுந்த கதை நம் கிறிஸ்தவ வாசகர்களுக்குத் தெரியும். ஓய்வுநாளில் அது விழாது என்பதால் வெள்ளிக்கிழமை இரட்டிப்பாக விழுந்தது. அந்த இரட்டிப்புத்தான் இரண்டு பாண். கீழே ஒரு துணி, மேலே ஒரு துணி: மன்னாவுக்குக் கீழும் மேலும் இருந்த பனி. துணி மூடுவதற்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள். முதலில் திராட்சை இரசத்துக்கு ஆசி கூறுகிறார்கள். தன்னை முந்திவிட்டார்களே என்று பாணுக்கு மனம் நோகக் கூடாதாம். பாணின் மனம் நோகாமல் பார்ப்பவர்கள் பக்கத்தில் இருக்கும் மனிதரை எப்படி நடத்த வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல வழி இல்லை.

● ஓய்வுநாளில் செய்யக் கூடாத வேலைகள் 39. அவற்றில் முதல் பதினொன்றும் விதைப்பதில் தொடங்கி உழுதல், அறுத்தல், அரைத்தல், சலித்தல், பிசைதல் வழியாகச் சுடுவதில் முடிகின்றன. அதாவது ஒரு பாண் பிறக்கும் முழுப் பாதை. ஓய்வுநாள் வெள்ளி மாலையே தொடங்கிவிடும்; அதனால் அன்று சூரியன் மறையுமுன் பாண் போறணையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். பிராங்பேர்ட்டில் குளிர்காலத்தில் நாலரைக்கு முன்பே இருட்டிவிடும். கோடையில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம். கண்டியிலோ ஆண்டு முழுவதும் மாலை 5.45க்கும் 6.30க்கும் இடையில்தான் சூரியன் மறைகிறது. இங்கே சுடுகிறவருக்கு நாட்காட்டி பார்க்கும் அவசரமே இல்லை.

● யூதப் புத்தாண்டுக்கு மட்டும் பின்னலை வட்டமாகச் சுருட்டி, முந்திரிகை வற்றல் சேர்த்து, தேனில் தொட்டுச் சாப்பிடுவார்கள். மற்ற வாரங்களில் தொட்டுக்கொள்வது உப்பு, ஆலயக் காணிக்கைகளில் உப்பு சேர்த்ததன் நினைவாக.

● வீட்டில் சுட்டுப் பார்க்க ஆசையா? கோதுமை மா 500 கிராம், ஈஸ்ட் 7 கிராம், முட்டை இரண்டு, சீனி 50 கிராம், எண்ணெய் கால் கப், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, இளஞ்சூட்டு நீர் முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைய. பாலும் பட்டரும் சேர்ப்பதில்லை. இறைச்சியையும் பாலையும் ஒரே வேளையில் உண்ணாத சட்டம் அவர்களுடையது. இறைச்சி வைக்கும் மேசைக்கு வரும் பாணில் பால் இருக்க முடியாது. தேங்காய் எண்ணெய் நன்றாகவே பொருந்தும், மணம் மட்டும் கொஞ்சம் நம் ஊர் மணமாக இருக்கும். பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து மூடி வையுங்கள். கண்டிச் சூட்டில் ஒன்றரை மணி நேரத்தில் மா இரட்டிப்பாகும். நுவரெலியாக் குளிரில் இன்னும் பொறுக்க வேண்டும். மூன்று கயிறாக உருட்டுங்கள், நடு தடித்து நுனி மெலிந்து. இறுக்கிப் பின்னினால் சுடும்போது வெடிக்கும், தளர்வாகப் பின்னுங்கள். முக்கால் மணி நேரம் மறுபடி பொங்கவிட்டு, முட்டை பூசி, 180 பாகையில் அரை மணி நேரம் சுடுங்கள். அடிப்பக்கத்தைத் தட்டினால் வெற்று டப்பாவின் ஓசை வர வேண்டும்.

● மேலே தூவும் விதையும் மன்னாவுக்காகத்தான். அது கொத்தமல்லி விதைபோல இருந்தது என்று யாத்திராகமம் சொல்கிறது. ஐரோப்பாவில் தூவுவது பொப்பி விதை. இந்தியச் சமையல் நூல்கள் அதைக் கசகசா என்னும். கண்டிக் கடையில் அப்படிக் கேட்டால் பலூடாவில் ஊறப்போடும் விதையைத்தான் எடுத்துத் தருவார்கள். அதைத் தூவினால் முட்டைப் பூச்சில் ஊறி வழுவழுக்கும். எள்ளையே தூவுங்கள், அதுவும் அவர்கள் வழக்கத்தில் உள்ளதுதான்.

● மீதமானால் மறுநாள் முட்டையும் பாலும் அடித்து, தடித்த துண்டுகளை ஊறவைத்து, பொம்பே டோஸ்ட் போடுங்கள். முட்டை சேர்ந்த பாண் என்பதால் சாதாரணப் பாணைவிட மெத்தென்று வரும்.